பயண நேரத்தையும் தூரத்தையும் பிழையாகக் காட்டியமை தொடர்பான முறைப்பாடு

கொழும்பு 06
ஆகஸ்ட் 18

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

கடந்த ஜூலை மாதம் எனது தாயார் கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குச் சென்று திரும்புவதற்கான பயணச்சீட்டை உங்கள் இணையத்தளத்தில் வாங்கினேன். புறப்பாடு பிற்பகல் 1.15, வருகை இரவு 7.45, பயண நேரம் 6 மணித்தியாலம் 30 நிமிடம், தூரம் 5,410 கிலோமீற்றர் என்று அதில் இருந்தது. முதலிரண்டும் சரி, மற்ற இரண்டும் பிழை.

புறப்படும் நேரம் இலங்கை நேரம், போய்ச்சேரும் நேரம் லண்டன் நேரம். கோடையில் லண்டன் மணிக்கூடு எங்களுடையதைவிட நாலரை மணித்தியாலம் பின்னால் நிற்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமல், ஒன்றிலிருந்து மற்றதை அப்படியே கழித்திருக்கிறீர்கள். உண்மையான பயண நேரம் 11 மணித்தியாலம். தூரத்திலோ மைல் கணக்கைப் போட்டுவிட்டுக் கிலோமீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்வழித் தூரமே சுமார் 8,700 கிலோமீற்றர். இந்த இரண்டு பிழைகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதுதான் வினையாயிற்று. 5,410ஐ ஆறரையால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீற்றர் வருகிறது. ஜெட் விமானத்துக்குப் பொருத்தமான வேகம். எதையும் கணக்குப் பார்த்து வாங்கும் நானும் அதனால்தான் நம்பினேன்.

அம்மாவுக்கு வயது 74, நீரிழிவு நோயாளி. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார் என்று எண்ணி, 'இரவு' என்று என் கையால் எழுதி ஒட்டிய மாத்திரைப் பெட்டியைப் பெரிய பயணப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். விமானம் தரையிறங்கியபோது கொழும்பில் நள்ளிரவு 12.15. அம்மா தலைச்சுற்றலோடு சக்கர நாற்காலியில்தான் வெளியே வந்தார்.

ஒக்டோபர் 10ஆம் திகதி திரும்பும் விமானத்துக்கு, லண்டனில் இரவு 8.30 புறப்பாடு, இங்கே மறுநாள் காலை 11.30 வருகை, பயண நேரம் 15 மணித்தியாலம் என்று காட்டுகிறீர்கள். சுற்றுவழியாக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, கால் நீட்ட இடமுள்ள இருக்கைக்கு உங்களிடமே மேலதிகப் பணமும் கட்டினேன். உண்மையில் அது பத்தரை மணித்தியாலம்தான். கிழக்கு நோக்கி வரும்போது உயரத்து மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், போகும்போது பிடிக்கும் நேரத்தைவிடச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். போக்கையும் வரவையும் கூட்டினால் மட்டும் இருபத்தொன்றரை என்று உங்கள் விடை சரியாகிறது. ஆனால் அப்படிக் கூட்டி ஒரே மூச்சில் எவரும் பறப்பதில்லை.

தொலைபேசியில் பேசிய உங்கள் அலுவலர், புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் சரியாகத்தானே இருக்கின்றன என்றார். அவற்றைப் பற்றி நான் முறையிடவில்லை.

இருக்கைக்காக அறவிட்ட மேலதிகப் பணத்தை மீள வழங்குமாறும், திருத்திய பயண விபரத்தை அம்மா புறப்படுவதற்கு முன் எழுத்தில் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று லண்டன் மணிக்கூடு மாறியதும் இந்தப் பிழை ஐந்தரை மணித்தியாலமாகக் கூடும் என்பதால், இணையத்தளத்தை அதற்கு முன்னரே திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்