வங்காள போர்டும் வேலூர் கோட்டையும்

ஆசிரியருக்கு வணக்கம். வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜ், மருந்துக்கடை, மெஸ் என்று பல இடங்களில் வங்காள மொழியில் போர்டு இருக்கிறது, வைத்தியத்துக்காக அவ்வளவு தூரம் ரயிலேறி வருகிறவர்கள் படிக்கத்தான். போன வாரம் டீக்கடையில் ஒருவர் 'இது தமிழ்நாடா இல்லையா' என்று சத்தம் போட்டார். சரி, தமிழ் மேலே பெரிதாக இருக்கட்டும், அதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. கீழே இன்னொரு மொழி இருந்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்? நம் கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றன. அங்கே 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியதற்கு முக்கியக் காரணமே, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தொப்பிதான் போட வேண்டும் என்ற உத்தரவுதான் (இதை நாம் மார்க்குக்கு மட்டும் படித்தோம்). போர்டை விடுங்கள், வழி தெரியாமல் நிற்கிற வங்காளப் பாட்டியிடம் இரண்டு மடங்கு ஆட்டோ கட்டணம் கேட்கிறார்களே, அதை முதலில் யாராவது தட்டிக் கேளுங்கள்.

- ஒரு வாசகர், சத்துவாச்சாரி