முட்டை நின்றதற்காகக் கோழியைக் கழிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டோடு நாலு கோழி, ரெண்டு ஆடு வைத்திருக்கிறவர்களிடம் இலையுதிர்காலம் வந்தால் வருஷா வருஷம் ஒரே பேச்சுதான். "முட்டை நின்றுபோச்சு, தீவனம் தண்டம், கழித்துவிடலாம்." கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கோழிக்கு நோய் எதுவும் இல்லை. தொடர்ந்து முட்டையிட ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். பகல் சுருங்கச் சுருங்க அது முட்டையை நிறுத்திவிட்டு, பழைய இறகை உதிர்த்து, குளிருக்கு முன்னால் புது இறகு கட்டப் பார்க்கிறது. கழுத்தில் தொடங்கி வாலில் முடிய ரெண்டு மூணு மாதம் ஆகும். முதல் வருஷம் காலையில் கூட்டைத் திறந்தபோது தரையெல்லாம் இறகு, நரிதான் புகுந்துவிட்டது என்று பயந்துபோய்க் கோழிகளை எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை! அந்த நேரத்தில் ஒரு கோழியைக் கிட்டப் பாருங்கள்: தோலெங்கும் நீலம் பாய்ந்த சின்னச் சின்னக் குழல்கள் முளைத்திருக்கும், உள்ளே ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். தினமும் கைக்கு வருகிற கோழிகூட விலகி ஓடுவது அதனால்தான். இறகில் ஏறக்குறைய 85 சதவீதம் புரதம், அப்படியென்றால் நாம் போடும் தீவனம் எங்கே வீணாகிறது? நான் இந்தச் சமயத்தில் முட்டையிடும் கோழிக்கென்று விற்கிற 16 சதவீதப் புரதமுள்ள தீவனத்தை மாற்றி 20 சதவீதம் உள்ளதைக் கொடுக்கிறேன், தூக்குவதையும் பிடிப்பதையும் விட்டுவிடுகிறேன். பல்பு போட்டு முட்டை வாங்கலாம் என்பார்கள், வாங்கலாம்தான், ஆனால் இறகு முழுதாய்க் கட்டி முடியும் வரையாவது அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, குளிருக்குப் பயந்து கூட்டை அடைத்துவிடுவது. நானும் ஒரு வருஷம் சந்து பொந்தெல்லாம் சாக்கு வைத்து அடைத்தேன். விடிந்து கதவைத் திறந்தால் அம்மோனியா நெடியில் கண் எரிகிறது, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாய்த் தொங்குகிறது, அப்புறம் பனி இறுகியபோது ரெண்டு கோழிகளுக்குக் கொண்டை நுனி கறுத்துவிட்டது. கோழியின் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து வருகிற ஈரம்தான் அதைப் படுத்துகிறது, வெறும் குளிரை அது தாங்கும். அது உட்காரும் கம்புக்கு மேலே, காற்று நேராக அதன்மேல் படாத உயரத்தில், திறப்பு இருக்கவேண்டும், ராத்திரியிலும்.

ஆடுகளைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். உலர்ந்த புல் வயிற்றில் செரிக்கும்போதே உடம்பு சூடாகிவிடும், குளிர் ராத்திரியில் ஒரு கை கூடுதலாகப் போட்டால் போதும். கிடாயின் நாற்றம் வீடுவரை வருகிறதென்றால் இது இணை சேரும் பருவம் என்று அர்த்தம். சேர்ந்த தேதியை மட்டும் குறித்து வையுங்கள், 150 நாள் கணக்கில் குட்டி வசந்தத்தில் விழும்.

இதையெல்லாம் உங்கள் வேளாண் பக்கத்தில் இறகு உதிரத் தொடங்கும் முன்பே, பகல் குறைய ஆரம்பிக்கும்போதே ஒருமுறை போடுங்கள். குளிர் வந்தபிறகு போட்டால் அதற்குள் பல கோழிகள் கழிக்கப்பட்டிருக்கும், அவற்றில் பாதியாவது பகல் நீண்டதும் மறுபடி முட்டைப்பெட்டிக்குப் போயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்