உயிருள்ள முகத்தை மறுக்கும் செயலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊரில் அண்டியாபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலையில் பல்லாண்டுகள் வேலை பார்த்த என் தாயாருக்கு, தோட்டின் எண்ணெய் அரித்து விரல் ரேகைகள் மழுங்கிவிட்டன. எனவே, ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழுக்காக 2021 நவம்பரில் அறிமுகமான, கைபேசிச் செயலி வழியே முகத்தைச் சரிபார்க்கும் முக அடையாள வசதியைப் பெரிதும் நம்பினோம்.

கேமராவின் முன் இருப்பது அச்சிட்ட படமா, கைபேசித் திரையில் காட்டப்படும் படமா, உயிருள்ள முகமா என்பதைக் கண் இமைப்பு, ஒளி பிரதிபலிக்கும் விதம் போன்றவற்றைக் கொண்டு இத்தகைய சேவைகள் கணிக்கின்றன. மோசடியைத் தடுக்க இச்சோதனை அவசியமே. ஆனால், சென்ற நவம்பரில் தக்கலையில் ஒரு சேவை மையத்தில், கண்புரை சிகிச்சை முடிந்த கண்ணைச் சிரமப்பட்டுச் சிமிட்டிய அம்மாவை அந்தச் செயலி நான்கு முறை நிராகரித்தது. காரணம் எதுவும் திரையில் வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்த சன்னலை அடைத்ததும் ஐந்தாம் முறை ஏற்றுக்கொண்டது. அதற்குள் அவர் அழுதுவிட்டார்.

வெளிச்சம் போதவில்லையா, கண் அசைவு பதியவில்லையா என்பதைச் செயலி தமிழில் குரலாகவே சொல்ல வேண்டும். மூன்று முறை தவறினால், மையப் பணியாளரே அருகிலுள்ள வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ நேரடிச் சரிபார்ப்புக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டையும் அதிகாரிகள் செய்துதர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.