பரிசோதனை முடிவு நாளைக்கு வரும், துடுப்பாளர் இன்றே கடந்துவிடுவார்

கடலோர நீரின் தரம் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கரையை ஒட்டித் தனி ஆளாக, நாள்கணக்கில் கேனோ என்னும் சிறு துடுப்புப் படகு வலிப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

உங்கள் பரிசோதனை குளிப்பவரை மனத்தில் வைத்தே நடக்கிறது. அவர் அரைமணி நேரம் நனைந்துவிட்டுக் கரையேறிவிடுவார். துடுப்பு வலிப்பவருக்கு அந்த நீரோடு ஆறேழு மணி நேரம் சகவாசம். பக்கம் மாற்றும்போதெல்லாம் துடுப்பிலிருந்து மடியில் சொட்டும். தண்டில் வழிவது உள்ளங்கைக்கு வரும். கொப்புளம் உடைந்திருந்தால் நேரே புண்ணுக்குள்தான். மண்டியிட்ட முழங்காலைச் சுற்றிப் படகின் உள்ளே அடியில் தேங்கிய நீர் அலம்பிக்கொண்டே இருக்கும்.

மாதிரி எடுப்பது வழக்கமாக மேல்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே. மழைக்குப்பின் கழிமுகத்திலிருந்து வரும் கலங்கல் நீரோ உப்புக் குறைந்தது, அதனால் எடையும் குறைந்தது. பாலில் ஆடை படிவதுபோல் கடல்நீரின் மேல் பரவி மிதக்கும். கேனோ போவது அந்த ஆடையின் மேல்தான்.

நீரில் மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் எண்டெரோகாக்கை என்ற கிருமியை வளர்த்து எண்ண ஒரு நாள் பிடிக்கும். அதற்குள் பயணி 30 கி.மீ. தாண்டியிருப்பார். ஆகவே எண்ணிக்கையைவிட எங்களுக்குப் பயன்படுவது வேறு: கழிவுநீர்க் குழாய் ஒவ்வொன்றின் அட்சரேகை, தீர்க்கரேகை, கரையிலிருந்து எத்தனை மீட்டர் வெளியே அதன் வாய் இருக்கிறது, மழையில் மதகு திறந்தால் திறந்த நேரம், அன்றைக்கே.

இது தெரிந்தால் கழிமுகத்தை வற்றத்தில், அதாவது கடல் வடியும் நேரத்தில், கடக்காமல் ஏற்றம் வரக் காத்திருக்கலாம். ஏற்றத்தில் கடல் உள்ளே தள்ளும், அழுக்கு வெளியே பரவுவது குறையும். தெரியாதவர் இரண்டு கிலோமீட்டர் வெளியே சுற்றுவார். அழுக்கிலிருந்து தப்பலாம், கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று பலத்துவிட்டால் ஆள் தப்புவது கஷ்டம். தனியாகப் போகிறவரை இழுத்துவரப் பக்கத்தில் வேறு படகு கிடையாது.

பெருமழைக்குப் பிறகு 2, 3 நாள் கரையில் தங்கிவிடுங்கள் என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் குடிநீர்? ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்றால் மூன்று நாளைக்கு 12 கிலோ கூடுதல் பாரம். சாதாரண வடிகட்டி உப்பை எடுக்காது. கையால் அடிக்கும் சிறிய உப்புநீக்கி மணிக்கு ஒரு லிட்டர்கூடத் தருவதில்லை. எண்ணெய் கலந்த நீரை உறிஞ்சினால் அதன் சவ்வும் போச்சு. துறைமுகப் பக்கம் அதை வெளியே எடுக்கவே கூடாது. எனவே படகு ஏற்றக்கூடிய கரைகளில் குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பதையும் அதே வரைபடத்தில் குறியுங்கள்.

எச்சரிக்கைப் பலகை வைப்பதானால் கடலைப் பார்த்தும் ஒன்று வையுங்கள். இப்போதுள்ளவை பெரும்பாலும் சாலையைப் பார்த்து நிற்கின்றன; நீரிலிருந்து வருபவருக்குப் பலகையின் முதுகுதான் தெரிகிறது.

இப்படிக்கு,
நெடுந்தூரத் தனித் துடுப்பாளர்கள்