கொலோனில் என் முதல் ஓட்டு

கொலோன்
ஜெர்மனி, 29 செப்டம்பர் 2025

அன்புள்ள கலா,

உன் இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. நீ கோபமாக இருப்பாய், இருக்கத்தான் வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சின்னவன் ஏழாவது போய்விட்டான். மற்றதெல்லாம் அப்புறம்.

நேற்று ஓட்டுப் போட்டேன்டி! இந்த ஊர் மேயர் தேர்தலில். இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று போனில் அழுதேனே, அந்த அழுகைக்குப் பிறகு மனசு லேசானது நேற்றுத்தான். விரலில் மை கிடையாது, மிஷினும் கிடையாது. பேனாவால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். இங்கே மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 14ஆம் தேதி யாரும் பாதியைத் தாண்டாததால் முதலில் வந்த இருவருக்கும் நேற்று மறுசுற்று. பசுமைக் கட்சியின் பெரிவான் ஐமாஸ் துருக்கியில் பிறந்தவர். அவருக்குத்தான் போட்டேன். முதல் சுற்றில் முன்னால் இருந்தவர், நேற்றுத் தோற்றுவிட்டார். சமூக ஜனநாயகக் கட்சியின் டோர்ஸ்டன் பூர்மெஸ்டர் ஜெயித்தார். வருத்தம்தான், ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி இல்லை.

2015 அக்டோபர் ஞாபகமிருக்கிறதா? நாங்கள் வந்து இறங்கிய புதிது. தேர்தல் செப்டம்பரில் நடந்திருக்க வேண்டும். ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயரைப் பெரிதாகவும் வேட்பாளர் பெயரைச் சிறிதாகவும் அச்சடித்துவிட்டார்கள் என்று அக்டோபர் 18க்குத் தள்ளிவைத்தார்கள். அதற்கு முந்தின நாள், 17ஆம் தேதி சனிக்கிழமை, பிரவுன்ஸ்ஃபெல்ட் சந்தையில் ஹென்ரியேட்டே ரேக்கர் ரோஜாப்பூ கொடுத்து ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சுயேச்சை. நகராட்சியில் அகதிகளுக்கு இடம் ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காக ஒருவன் கழுத்தில் கத்தியால் குத்தினான். தடுக்கப் போனவர்களுக்கும் வெட்டு. மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார், ஊர் போய் ஓட்டுப் போடுகிறது. அவருக்கு 52 சதவீதத்துக்கு மேல் ஓட்டு! கொலோனின் முதல் பெண் மேயர் தான் ஜெயித்ததே தெரியாமல் படுத்திருந்தார். குத்தியவனுக்கு 14 வருடம் சிறை. அவர் எழுந்து வந்து பத்து வருடம் மேயராக இருந்தார், 2020இலும் ஜெயித்தார். இந்த முறைதான் நிற்கவில்லை.

ஓட்டில்லாத புது ஆளாக ஜன்னலோரம் நின்று அந்தச் செய்தியைக் கேட்டேன். இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டம்மாவோடு சந்தையில் நின்று நோட்டீஸ் கொடுத்தேன். எதிரே வருகிறவர் கை கோட்டுப் பைக்குள் போனாலே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு பெரியவர் கைக்குட்டை எடுத்தார், நான் ஓரடி பின்னால் போய்விட்டேன். அவர் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இப்போது அந்தம்மா, கட்சியில் சேர், அடுத்த முறை நீயே வட்டார மன்றத்துக்கு நில் என்கிறார். இவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். சின்னவன் நில்லும்மா என்கிறான்.

நீ ஊராட்சி வார்டுக்கு நின்றபோது ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வந்து கத்தினார்களே, மறுநாள் காலையில் எப்படிடீ கதவைத் திறந்து வெளியே போனாய்? மாமாவிடம் என்ன சொன்னாய்? அதை மட்டும் விவரமாக எழுது. உன் பதில் வந்த பிறகுதான் அந்தம்மாவிடம் பேசுவேன்.

உன்
வசந்தி