இசைத்தட்டுகளை எரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வீடுகளைத் துப்புரவாக்கும்போது இசைத்தட்டுகளையும் கசெற்றுகளையும் குப்பையோடு போட்டு எரிப்பதைக் கிளிநொச்சிப் பக்கம் அடிக்கடி காண்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

நான் 1970ஐ ஒட்டிய ஆங்கில றொக் இசைத்தட்டுகளைச் சேர்ப்பவன். பிங்க் ஃபுளொயிட் குழுவை உலகமே அறியும். அதே காலத்து கிரெசிடா குழுவை எத்தனை பேர் அறிவார்கள்? 1970இல் ஒரு தட்டு, 1971இல் இன்னொன்று, அதோடு சரி. ஆனால் அந்த ஓர்கன் வாசிப்பு! அவற்றை வெளியிட்ட வெர்ட்டிகோ நிறுவனம் தட்டின் நடு லேபிளில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைச் சுழி, தட்டுச் சுற்றும்போது கண்ணை உள்ளே இழுக்கும். பற்றரியும் மின்சாரமும் இல்லாத தொண்ணூறுகளில், அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற, இந்த வகைப் பாட்டுகளைக் கசெற்றில் கேட்டு வளர்ந்தவன் நான்.

இப்படியான இசை தப்பியதே, யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்து மற்றவருக்குக் கேட்கக் கொடுத்ததால்தான். எங்களுடைய ஈழத்துப் பொப் பாட்டுத் தட்டுகளுக்கும் இதே நிலைதான். தட்டுகளைச் சாய்க்காமல் நிமிர்த்தி, வெயில் படாமல் வையுங்கள். வன்னி வெக்கைக்கு வளைந்துவிடும். பொது நூலகங்கள் அவற்றைப் பொறுப்பேற்று, கேட்பதற்கு ஒரு மூலையும் ஒதுக்கவேண்டும். என்னிடம் உள்ளவற்றை அங்கே கொடுக்க நான் ஆயத்தம்.

இசைத்தட்டுச் சேகரிப்பாளர்,
கிளிநொச்சி