விதைப்புக்கு முன் கொடுங்கள், ஐயா

வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். போன குறைதீர் கூட்டத்தில் வேர் உட்பூசணம் என்கிற உயிர் உரம் (செடியின் வேருக்குள் வாழ்கிற நன்மை செய்யும் பூஞ்சை) பற்றிக் கேட்டதற்கு, "இந்த வருஷ இலக்கு முடிஞ்சிடுச்சு" என்று பதில் வந்தது. உண்மைதான். எங்கள் மிளகாய் நாற்றங்கால் அதற்கும் முன்பே முடிந்துவிட்டது.

வேர் உட்பூசணத்தை எப்போது போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பல்கலைக்கழகப் பரிந்துரையே இருக்கிறது: நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், 2–3 செ.மீ. ஆழத்தில், அதன் மேல் விதை. இறங்குகிற இளம் வேர் அதைத் தொட வேண்டும். தொட்டால்தான் பூசணம் உள்ளே குடியேறி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) இழுத்துவந்து கொடுத்து, கூலியாகச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். ஏக்கருக்கு 40 சதுர மீட்டர் நாற்றங்கால், 4 கிலோ போதும்.

அந்த 4 கிலோ எங்களுக்கு வந்தது முதல் களை எடுத்த பிறகு. நாற்றங்காலை விட்டால் நடவுக் குழியில் செடிக்கு 20 கிராம் வைக்கலாம். அந்தக் கட்டமும் போய்விட்டது. போகாவிட்டாலும் 60க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 செடி, 300 கிலோ ஆகிறது. மிச்சம் 296 கிலோவுக்கு எந்தத் திட்டத்தில் மனுப் போடுவது?

ஆகவே கேட்கிறோம்: விதைப்புக்கு முன் கொடுங்கள்.

இன்னொன்று. இது உயிருள்ள வேரில் மட்டுமே பெருகுகிற பொருள். யாரோ மக்காச்சோளத் தொட்டியில் வளர்த்து அனுப்பியதை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பூச்சிமருந்துப் பெட்டியோடு அடுக்கி வைத்திருந்தார்கள். காலாவதித் தேதியின் மேல் விலைச்சீட்டு. பிரித்தால் கட்டி கட்டியாக இருந்தது. ஆனால் பொட்டலத்தைக் கையில் பிடிக்க வைத்துப் படம் எடுப்பது மட்டும் நேரத்துக்கு நடந்தது. பக்கத்துத் தோட்டத்துக் காலிஃபிளவர்க்காரருக்கும் ஒரு பொட்டலம், ஒரு படம். முட்டைக்கோசு, காலிஃபிளவர் வகை வேரில் இந்தப் பூசணம் ஒட்டாது என்பது கிடக்கட்டும். இலக்கில் அவரும் ஓர் எண். கூடவே மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தையும் தலையில் கட்டுகிறார்கள். மணிச்சத்தை மண்ணில் கொட்டிவிட்டால் செடி பூசணத்தை ஏன் சேர்க்கப்போகிறது?

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டத்துக்கு ஆனி மாதக் கடைசிக்குள், நிழலில் வைத்த சரக்காக, தேதி தெரிகிற பொட்டலமாக, விதைப்புக்கு முன் கிடைக்க ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வட்டார மிளகாய் விவசாயிகள் சார்பில் ஒருவன்